கல்முனைக்கு வந்த பலஸ்தீனம், லண்டனுக்குப் போன கொழும்பு

1958ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்தது. கொழும்பில் வங்கி உத்தியோகத்தில் இருந்த அம்பலவாணர் சிவானந்தன் அந்த ஆண்டே நாட்டைவிட்டு வெளியேறினார். அவர் லண்டனில் கால்வைத்த காலத்தில் அங்கே நொட்டிங் ஹில் பகுதியில் கரிபியன் தீவுகளிலிருந்து வந்து குடியேறியிருந்த கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பல்கள் வீதி வீதியாகத் தேடி அடித்துக்கொண்டிருந்தன. சொந்த ஊரில் தமிழன் என்பதற்காக, போன ஊரில் கறுப்பன் என்பதற்காக. சில மாத இடைவெளியில் ஒரே மனிதர் கண்ட இந்த இரண்டு கலவரங்களிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான இனவெறி எதிர்ப்புச் சிந்தனைகளில் ஒன்று பிறந்தது.

நூலகமொன்றில் எடுபிடி வேலையில் தொடங்கி, படித்து, 1964இல் லண்டன் இன உறவுகள் நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்தார் சிவானந்தன். பெரும் கம்பனிகளுக்கும் அரசுக்கும் ஆலோசனை சொல்லும் இடமாக இருந்த அந்த நிறுவனத்தை 1972இல் ஊழியர்களும் உறுப்பினர்களும் கிளர்ந்தெழுந்து தம் பக்கம் திருப்பினார்கள். அதன் முன்னணியில் அவர் நின்றார். 1974இல் நிறுவனத்தின் சஞ்சிகை ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ என்ற புதிய பெயரோடு வெளிவந்தது. கரிபியன் தீவார், ஆபிரிக்கர், இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கையர் எல்லோரும் பிரித்தானியாவில் ஒரே தொழிற்சாலைக் கதவுகளில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள், ஒரே பொலிசாரிடம் அடிவாங்குகிறார்கள். ஆகவே கறுப்பு என்பது தோலின் நிறமன்று, அவர்கள் சேர்ந்து ஏந்தும் அரசியலின் நிறம் என்று அவர் வாதாடினார். அவருக்குச் சிந்தனையில் துணையாக இருந்தவர்கள் ஃபிரான்ட்ஸ் ஃபனானும் அமெரிக்கக் கறுப்பினப் போராட்டக்காரர்களும். யாழ்ப்பாணத்து வேரும் கொழும்புப் படிப்பும் உள்ள ஒருவர் மார்த்தினிக் தீவு எழுத்தாளரான ஃபனானிடமிருந்து கருவிகளை வாங்கி லண்டன் தொழிலாளர்களுக்குக் கொடுத்தார்.

அந்தக் கருவிகளை அவர் ஊருக்கும் திருப்பி அனுப்பினார் என்பதைத்தான் நாம் போதிய அளவு பேசுவதில்லை. 1983 ஜூலைப் படுகொலைக்குப் பின், 1984இல் ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ இலங்கைக்கென்றே ஒரு சிறப்பிதழை வெளியிட்டது. காலனியப் பொருளாதாரம், தோட்டத் தொழில், மொழிக் கொள்கை, தேர்தல் அரசியல் எல்லாம் சேர்ந்து இங்கே இனவாதத்தை எப்படி உற்பத்தி செய்தன என்று அதில் அவர் நீண்ட கட்டுரை எழுதினார். இலங்கையின் சிக்கலைத் தமிழர் சிங்களவரின் ஆதிகாலப் பகையாகப் பார்க்கும் பழக்கம் பலமாக இருந்த காலத்தில், இனவாதம் மனிதர் செய்த ஏற்பாடு, ஆகவே மனிதரால் கலைக்கக்கூடியது என்று சொன்ன கட்டுரை அது. 1997இல் வந்த ‘வென் மெமரி டைஸ்’ நாவலில் அதே வரலாற்றை மூன்று தலைமுறைகளின் வாழ்க்கையாக எழுதினார். 2018 ஜனவரியில், தொண்ணூற்று நான்காவது வயதில், லண்டனில் காலமானார்.

இவரிடமிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. நான் வசிக்கும் நுகேகொடையிலும் வெள்ளவத்தையிலும் எழுதவோ வரையவோ தொடங்கும் தமிழ் இளைஞர்கள் பலர் இன்று உந்துதல் தேடி லண்டனையும் டொரொன்டோவையும் நியூயோர்க்கையும் பார்க்கிறார்கள். அங்கே வெள்ளையரல்லாத எழுத்தாளர்களும் ஓவியர்களும் பெற்றிருக்கும் இடம் அவர்களுக்கு நம்பிக்கை தருகிறது. அந்த நம்பிக்கையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் நிறத்தால் ஒதுக்கப்பட்டவர் ஒருவர் இன்னொருவரிடமிருந்து கற்றுக்கொள்ளும் வேலை இங்கே அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. எதை எடுத்தால் அது நிலைத்தது, எதை எடுத்தால் அது சாயமாக வெளுத்துப்போனது என்பதற்கான சான்றுகள் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. அவற்றைப் படித்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இது: பிறருடைய துயரத்தை எடுத்துக்கொண்டவர்கள் அதிக தூரம் போகவில்லை. அவர்களுடைய செய்முறையை எடுத்துக்கொண்டவர்களே போனார்கள்.

இதற்கு ஆகச் சிறந்த சான்று 1981இல் வெளிவந்த ஒரு மெல்லிய புத்தகம். கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம். ஏ. நுஃமான், அக்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர், ‘பலஸ்தீனக் கவிதைகள்’ என்ற மொழிபெயர்ப்புத் தொகுப்பைக் கொண்டுவந்தார். மஹ்மூட் தர்வீஷ், சமீஹ் அல் காசிம் முதலியோரின் கவிதைகள் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தன. அதே ஆண்டின் மே மாத இறுதி நாளிரவில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அந்த எரிப்பைப் பற்றி நுஃமான் ‘புத்தரின் படுகொலை’யை எழுதினார்.

அந்தத் தொகுப்பு ஏன் அவ்வளவு பாதித்தது? ஈழத்தில் அரசியல் கவிதை அதற்கு முன்னரும் நிறையவே இருந்தது. முற்போக்கு இயக்கத்தின் கவியரங்குகள், தமிழரசு மேடைகள் இரண்டிலும் அது முழங்கியது. ஆனால் அது பெரும்பாலும் கூட்டத்தை நோக்கிப் பேசிய கவிதை. ஓசையும் அடுக்கும் அதற்குப் பலம். பலஸ்தீனக் கவிஞர்கள் வேறு விதமாகப் பேசினார்கள். அடையாள அட்டையைக் கேட்கும் அதிகாரி ஒருவனிடம், வீட்டு முற்றத்து மரத்திடம், தாயிடம், காதலியிடம் பேசினார்கள். ஒரு தனி மனிதனின் தாழ்ந்த குரலில் ஒரு தேசத்தின் நிலைமை முழுவதும் தெரிந்தது. சோதனைச்சாவடியும் சுற்றிவளைப்பும் நாளாந்த வாழ்க்கையாகிக்கொண்டிருந்த வடக்கிலும் கிழக்கிலும் இந்தக் குரல் சரியான வேளையில் வந்து சேர்ந்தது.

சேரனின் ‘இரண்டாவது சூரிய உதயம்’ 1983இலும், பலர் கூடித் தந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பு 1985இலும் வந்தன. அவற்றில் ஆலிவ் மரங்கள் இல்லை. பனையும் கடற்கரையும் ஒழுங்கையும் ஜீப் வண்டியும் இருக்கின்றன. பலஸ்தீனத்தின் காட்சிகளை அப்படியே இறக்குமதி செய்திருந்தால் அந்தக் கவிதைகள் பத்து ஆண்டுகூட நின்றிருக்க மாட்டா. அவர்கள் எடுத்துக்கொண்டது பேசும் முறையை. 1986இல் சித்திரலேகா மௌனகுரு தொகுத்து, யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ இதற்கும் ஒரு படி மேலே போனது. சங்கரி, சிவரமணி, ஊர்வசி, ஔவை, மசூறா ஏ. மஜீட் உள்ளிட்ட பத்துப் பெண்கள் அதே தாழ்ந்த குரலை வீட்டுக்குள் திருப்பினார்கள். இராணுவத்தை மட்டுமல்ல, தந்தையையும் கணவனையும் இயக்கத்தையும் கேள்வி கேட்டார்கள். இந்தத் திருப்பத்துக்கான முன்மாதிரி வெளியே எங்கும் இருக்கவில்லை.

இந்தக் கதையில் கசப்பான ஒரு பகுதியும் உண்டு. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஒடுக்கப்பட்ட மக்களின் குரலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் கிழக்கிலங்கை முஸ்லிம். அந்தக் குரலால் உரம்பெற்ற அரசியலின் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்கள் 1990 ஆகஸ்ட் மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொன்றார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தை விட்டுப்போக அந்த மக்களுக்குக் கொடுக்கப்பட்டது சில மணி நேரம். தூரத்துப் பலஸ்தீன அகதியின் கவிதையை மனப்பாடமாகச் சொன்ன சமூகம் தன் பக்கத்துத் தெருவில் அகதிகளை உருவாக்கியது. ஒரு கவிதையால் நெகிழ்ந்துபோவதற்கும் அதன் நியாயத்தை ஏற்றுக்கொள்வதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை 1990 நமக்குக் காட்டியது. உந்துதல் பற்றி எழுதும் எவரும் இந்த ஆண்டைத் தாண்டிக் குதித்துப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஓவியத்துக்கு வருகிறேன். 2005இல் நான்கு ஓவியர்கள் ஒரு வேலையில் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து தா. சனாதனன், கொழும்புப் பக்கமிருந்து ஜகத் வீரசிங்க, சந்திரகுப்த தேனுவர, முஹன்னத் காதர். ஒருவர் வரைந்த படத்தை அஞ்சலில் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். அவர் அதைப் பார்த்துத் தன் பதிலை வரைந்து அதற்கடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். சொற்கள் தேவையில்லை. ஓராண்டில் முடிக்க எண்ணியது 2007 வரை நீண்டது. காரணம் போர். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டு யாழ்ப்பாணம் துண்டிக்கப்பட்டபோது அந்த உறைகளும் எங்கெங்கோ தங்கித் தங்கித்தான் போய்ச் சேர்ந்தன. ஷர்மினி பெரேராவின் ‘ரேக்கிங் லீவ்ஸ்’ பதிப்பகம் இதை ‘த வன் இயர் ட்ரோயிங் ப்ரொஜெக்ட்’ என்ற நூலாக 2008இல் வெளியிட்டது. தமிழர், சிங்களவர், முஸ்லிம் நால்வரும் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி வரைந்த அந்தப் படங்களைப் புரட்டும்போது ஒரு விடயம் கண்ணில் படும். ஒருவரின் படத்திலிருந்த ஒரு கோடு, ஒரு உடல் உறுப்பு, ஒரு தூண் அடுத்தவரின் படத்தில் வேறொன்றாக மாறியிருக்கும். எவரும் எவரையும் நகல் செய்யவில்லை. எவரும் தனியே இருக்கவும் இல்லை.

இந்த நால்வரில் தேனுவர தலைநகரின் சோதனைச்சாவடிகளில் உருமறைப்பு வண்ணம் பூசி நிறுத்தப்பட்டிருந்த பீப்பாய்களையே 1997இல் தன் கலையின் அடையாளமாக ஆக்கியவர். ஜூலைப் படுகொலையை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் ஜூலையில் கண்காட்சி வைப்பவர். மொஸ்கோவில் ஓவியம் படித்த சிங்களக் கலைஞர் ஒருவர் 1983ஐ மறக்கவிடாமல் இத்தனை ஆண்டுகள் பிடித்துக்கொண்டிருப்பது, கொழும்புத் தமிழர் பலருக்கு இன்றும் தெரியாத செய்தி.

சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முற்றுப்பெறாத தோம்பு’ எனக்கு இந்தத் தலைமுறையின் மிக முக்கியமான ஈழத்து ஆக்கங்களில் ஒன்றாகப் படுகிறது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காணிகளைப் பதிந்து வைத்த ஏடு. யார் எவ்வளவு வைத்திருக்கிறார், எவ்வளவு வரி வாங்கலாம் என்று ஆட்சியாளர் அறிந்துகொள்வதற்கான கருவி. சனாதனன் இடம்பெயர்ந்த மக்களிடம் போய், விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறித் தரச் சொன்னார். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எங்கே என்று அவர்கள் நடுங்கும் கோடுகளால் கீறினார்கள். அதைக் கட்டடக் கலைஞரின் அளவான வரைபடமாக்கி, அதற்கு மேல் தன் ஓவியத்தையும் சேர்த்து, அரசாங்கக் கந்தோர்க் கோவை போன்ற ஒரு நூலாக்கினார். அடக்கியவனின் பதிவேட்டு வடிவம் இழந்தவர்களின் சாட்சியமாக மாறியது. ஒடுக்கப்பட்டவர் ஒருவரிடமிருந்து மட்டும்தான் கற்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. எதிரியின் கருவியையும் கைப்பற்றலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம்மிடம் இல்லை.

தெஹிவளையில் 1921இல் பிறந்த ஐவன் பீரிஸையும் இங்கே சொல்ல வேண்டும். 1943இல் லயனல் வென்ட் வீட்டில் தொடங்கிய ‘43 குழு’வின் ஓவியர், திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் தம்பி. ஐம்பதுகளில் இங்கிலாந்துக்கே போய்விட்ட அவர், தென்கிழக்குக் கடலோரமான சவுத்எண்டில் இருந்துகொண்டு தெஹிவளைக் கடற்கரையையே கடைசிவரை வரைந்தார். 1988இல் அவர் மறைந்து ஓராண்டு கழித்து, கராச்சியில் பிறந்த ரஷீத் அராஈன் லண்டன் ஹேவர்ட் காட்சியகத்தில் ‘தி அதர் ஸ்டோரி’ என்ற கண்காட்சியை ஒழுங்கு செய்தார். போருக்குப் பிந்திய பிரித்தானியாவின் ஆசிய, ஆபிரிக்க, கரிபியன் கலைஞர்கள் 24 பேரின் ஆக்கங்கள் அதில் இடம்பெற்றன. அவர்களில் ஐவன் பீரிஸும் ஒருவர். பிரித்தானியக் கலை வரலாறு தன்னோடு சேர்க்க மறந்த ஒரு தெஹிவளைக்காரருக்கு இடம் கொடுக்க ஒரு கராச்சிக்காரர் தேவைப்பட்டார்.

இனி நமக்குள் இருக்கும் சுவர். நுகேகொடையில் ஸ்டான்லி திலகரட்ன மாவத்தையில் சரசவி புத்தகக் கடை இருக்கிறது. மார்க்கேஸையும் ருஷ்ய நாவல்களையும் சிங்களத்தில் வாங்க அங்கே எப்போதும் கூட்டம். தமிழ் வாசகர் வெள்ளவத்தைக் காலி வீதிக்குப் போகிறார். அங்கே பூபாலசிங்கம் புத்தகசாலை இருக்கிறது. சினுவா ஆச்சபேயின் முதல் நாவல் என். கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் ‘சிதைவுகள்’ என்றும், கூகி வா தியாங்கோவின் நாவல் அமரந்தாவும் சிங்கராயரும் மொழிபெயர்த்த ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்றும் தமிழில் படிக்கக் கிடைக்கின்றன. இரண்டு கடைகளுக்கும் இடையே சில கிலோமீற்றர். ஆனால் நைஜீரியாவையும் கொலம்பியாவையும் அறிந்த இந்த இரண்டு வாசகர்களும் ஒருவரையொருவர் அறிவது மிகக் குறைவு. எம். எம். உவைஸ் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’வைக் ‘கிராமப் பிறழ்வு’ என்று தமிழாக்கினார். அதற்குப் பின்னும் இரு மொழிகளுக்கும் இடையில் தனியாட்களாக உழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ தமிழ்க் கவிதையை அசைத்ததைப்போல் அசைத்த சிங்களக் கவிதைத் தொகுப்பு ஒன்றைத் தமிழிலும், தமிழ்க் கவிதைத் தொகுப்பு ஒன்றைச் சிங்களத்திலும் என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

காட்சிக் கலைஞர்கள் இந்தச் சுவரை எழுத்தாளர்களைவிட முன்னதாகவே தாண்டிவிட்டார்கள். நுகேகொடையை அடுத்த பிட்டகோட்டையில் காட்சியறை வைத்த தீர்த்த கலைஞர் குழு 2000இல் தொடங்கியது. 2004இல், திருத்தி எழுப்பப்பட்ட யாழ்ப்பாண நூலகத்திலேயே ‘அகம் புறம்’ கண்காட்சி நடந்தது. தில்லி, கராச்சி, டாக்கா, காத்மாண்டு நகரங்களின் கலைஞர் குழுக்களோடு தீர்த்த தொடர்பு வைத்திருந்தது. 2019 டிசம்பரில் கொழும்பில் திறக்கப்பட்ட நவீன, சமகாலக் கலை நூதனசாலை தன் முதல் கண்காட்சிக்குச் சேரனின் கவிதையொன்றிலிருந்து தலைப்பை எடுத்தது. படங்களின் விளக்கங்களை மூன்று மொழியிலும் வைத்தது. 2022இல் கொலம்போஸ்கோப் கலைவிழா சிலி நாட்டுக் கவிஞர் செசிலியா விக்குன்யாவிடமிருந்து தலைப்பைப் பெற்றது.

ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது கொழும்புத் தமிழர் தங்களையே மையத்தில் வைத்துக்கொள்வதும் எனக்கு உடன்பாடில்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையக மக்களை அன்று வடக்குத் தமிழ்த் தலைவர்களில் ஒரு பகுதியினர் கைவிட்டார்கள். கே. டானியல் ‘பஞ்சம’ரில் எழுதிய சாதிக் கொடுமை யாழ்ப்பாணத் தமிழர் யாழ்ப்பாணத் தமிழருக்கே செய்தது. மலையகத்தின் ஹட்டன் பகுதியிலிருந்து வந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்திலும் பாவித்த தேயிலைப் பைகளிலும் வடிதட்டிலும் வேலை செய்கிறார். கானா நாட்டில் பிறந்து நைஜீரியாவில் கற்பித்த எல் அனட்சுயி மதுப் போத்தல் மூடிகளைச் செப்புக் கம்பியால் கோத்துச் சுவரளவு திரைகள் செய்தார். மதுவும் அடிமை வணிகமும் ஒரே கப்பலில் வந்தவை என்பதை அந்த மூடிகள் சொல்கின்றன. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார் என்று நான் சொல்லவில்லை. தங்கள் முன்னோரை விலைபேசிய பண்டத்தையே இருவரும் கையிலெடுத்தார்கள். பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பிப்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

கொழும்பில் பிறந்த அனுக் அருட்பிரகாசத்தின் ‘எ பசேஜ் நோர்த்’ 2021இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. வி. வி. கணேசானந்தனின் ‘ப்ரதர்லஸ் நைட்’ 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசைப் பெற்றது. இந்தச் செய்திகள் வந்த நாட்களில் நாமெல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் அனுக்கின் நாவலை முன்மாதிரியாகச் சொல்லும் இளைஞர்கள், அந்த நாவலின் நாயகன் எதையெல்லாம் நினைத்துக்கொண்டு வடக்கே போகிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். காளிதாசனின் மேகதூதம், அசுவகோஷரின் புத்த சரிதம், மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலாரைப் பற்றிய பெரியபுராணக் கதை. போரில் எல்லாம் அழிந்தபின் மனத்தில் கட்டுவது என்றால் என்ன என்று எழுத வந்தவருக்குப் பூசலார் உதவினார். நாயன்மார் கதை நம் வீட்டு அலுமாரியிலும் இருக்கிறது. பௌத்த காவியமும் நமக்கு அந்நியமன்று. மணிமேகலை தமிழில்தான் எழுதப்பட்டது.

ஆகவே நுகேகொடையிலும் மகரகமையிலும் தெஹிவளையிலும் வளரும் தமிழ் இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் சிங்களம் சரளமாகப் பேசுகிறீர்கள், படிக்கிறீர்கள். உங்கள் பெற்றோருக்குக் கிடைக்காத வசதி இது. நுஃமானுக்கு அரபு மூலத்துக்குப் பதிலாக ஆங்கிலம் இருந்தது. உங்களுக்கு மூலமே கையில் இருக்கிறது. உங்கள் வயதையொத்த ஒரு சிங்களக் கவிஞரைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய பத்துக் கவிதைகளைத் தமிழாக்குங்கள். உங்கள் பத்துக் கவிதைகளைச் சிங்களமாக்க அவரைக் கேளுங்கள். பரிசுப் பட்டியல்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஆண்டே தொடங்குங்கள்.